கல்லில் தாமதம், காதில் கரகரப்பு

பழைய வீடியோ கேம்களை எமுலேட்டர் (பழைய கேம் பெட்டியைப் போலக் கணினியையோ போனையோ நடிக்கவைக்கும் மென்பொருள்) போட்டு ஆடுகிறவர்கள் கொண்டுவரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணாச்சி, படம் நல்லா ஓடுது, சவுண்டுதான் கரகரங்குது.” கையோடு தாங்கள் செய்துபார்த்த வைத்தியத்தையும் சொல்வார்கள். இயர்போனை மாற்றியாயிற்று, ஆடியோ டிரைவரை நீக்கி மறுபடி போட்டாயிற்று, ஆடியோ செட்டிங்கில் இருக்கிற எல்லாவற்றையும் திருகியாயிற்று. கரகரப்பு மட்டும் போகவில்லை.

அது போகாது. எமுலேட்டரில் காதுக்கு எட்டுகிற கோளாறு பெரும்பாலும் ஒலிப் பகுதியில் பிறப்பதில்லை. வேறு எங்கோ ஒரு வேலை நேரத்துக்கு முடியாமல் போனதைத்தான் ஸ்பீக்கர் சொல்கிறது. எங்கே நேரம் தவறியது என்று தேடிப் போக, தூத்துக்குடியில் இரவானால் கல் காயும் ‘நைட் கிளப்’ பரோட்டாக் கடை ஒன்றே போதும்.

இரவு எட்டு மணிக்குக் கடை வாசலில் நின்று பாருங்கள். மாஸ்டர் எண்ணெயில் ஊறிய உருண்டையை எடுத்துத் தட்டுகிறார், வீசுகிறார், சுருட்டி மறுபடி தட்டிக் கல்லில் போடுகிறார். வெந்தவற்றை நாலைந்தாக அடுக்கி, இரு கையாலும் பக்கவாட்டில் அடித்து இதழ் பிரிக்கிறார். அடித்தவை ஒரு தட்டில் குவிகின்றன. சப்ளையர் அந்தக் குவியலிலிருந்து எடுத்து இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றுகிறார். சாப்பிடுகிறவர் கல்லைப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிவது இலை மட்டும்தான்.

சாப்பிடுகிறவர்தான் உங்கள் சவுண்டு சிப். இவர் நொடிக்கு 48,000 வாய் சாப்பிடுகிறார். ஒவ்வொரு வாயும் ஒரு சாம்பிள், அதாவது அந்தக் கணத்தில் ஸ்பீக்கரின் தோல் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லும் ஓர் எண். இவருக்குப் பொறுமை என்பதே கிடையாது. இலையில் ஒன்றும் இல்லையென்றால் காத்திருக்க மாட்டார், காற்றை மென்றுவிடுவார். கல் என்பது செயலி. மாஸ்டர் எமுலேட்டர். நடுவில் இருக்கும் தட்டுக் குவியலுக்குப் பஃபர் என்று பெயர்.

இலை ஒரு கணம் காலியானால் என்ன நடக்கிறது? மேலே போய்க்கொண்டிருந்த ஸ்பீக்கர் தோல் திடீரென்று சுழியத்துக்கு இழுக்கப்படுகிறது. சீராக வளைந்து போகவேண்டிய அலையில் ஒரு செங்குத்து முறிவு விழுகிறது. அப்படிப்பட்ட முறிவுக்குள் கீழ் ஸ்தாயி முதல் மேல் ஸ்தாயி வரை எல்லா அதிர்வெண்ணும் அடங்கியிருப்பதால் காதில் ‘டப்’ என்று விழுகிறது. நொடிக்குப் பத்து இருபது ‘டப்’ சேர்ந்தால் அதுதான் கரகரப்பு. கண்ணுக்கு இந்தக் கண்டிப்பு இல்லை. ஒரு படம் வரத் தாமதமானால் முந்தைய படம் இன்னும் கொஞ்ச நேரம் திரையில் நிற்கும், அவ்வளவுதான். ஆட்டத்தில் மூழ்கியிருப்பவர் அதைக் கவனிப்பதே இல்லை. அதனால்தான் எல்லோரும் “படம் நல்லா ஓடுது” என்கிறார்கள். படமும் நன்றாக ஓடவில்லை, காது அதை முதலில் கண்டுபிடித்துவிட்டது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். விளையாட்டு 90 சதவீத வேகத்தில் ஓடுகிறது. சிப் கேட்பது நொடிக்கு 48,000 சாம்பிள், கல்லிலிருந்து வருவது 43,200. நொடிக்கு 4,800 குறைகிறது. உங்கள் பஃபர் 100 மில்லி நொடி என்றால் அதில் இருப்பதும் சரியாக 4,800 சாம்பிள்தான். ஒரே நொடியில் தட்டு காலி. பஃபரை இரட்டிப்பாக்கினால் இரண்டு நொடி தாங்கும், அதன் பிறகு அதே கரகரப்பு. குவியலைப் பெரிதாக்குவது, மாஸ்டர் எப்போதாவது ஒருமுறை தடுமாறும்போது கைகொடுக்கும். மாஸ்டர் நிரந்தரமாகவே பின்தங்கியிருக்கிறார் என்றால் குவியல் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. ஆடியோ செட்டிங்கைத் திருகித் தோற்றவர்கள் தோற்றது இந்தக் கணக்கிடம்தான்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது ஒலி அளவை அல்ல, வேக அளவை. பிசிஎஸ்எக்ஸ்2, பிபிஎஸ்எஸ்பிபி, ரெட்ரோஆர்ச் என எந்த எமுலேட்டரானாலும் வேகத்தையோ நொடிக்கு எத்தனை படம் என்பதையோ திரை ஓரத்தில் காட்டச் சொல்லலாம். அதை இயக்கிவிட்டு, கரகரக்கும் இடத்தில் எண் என்னவாகிறது என்று பாருங்கள். 100 சதவீதத்திலிருந்து இறங்குகிறதா, அசையாமல் நிற்கிறதா? மேற்கொண்டு செய்யும் எல்லாமே இந்த ஒரு விடையைப் பொறுத்தவை.

அந்த எண்ணைப் படிப்பதிலும் நம் நாட்டுக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இந்தியத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 50 களம் (field) காட்டியது. ஜப்பானும் அமெரிக்காவும் 59.94. இங்கே விற்ற பிளேஸ்டேஷன் 2 ஐரோப்பாவின் பால் வழியில் வந்தது. 2009-ல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’, அதே ஆண்டு கபடியையும் கிட்டிப்புள்ளையும் ஜாய்ஸ்டிக்குக்குக் கொண்டுவந்த ‘தேசி அட்டா’, 2010-ல் மும்பையின் டிரைன் செய்த ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’, 2013-ல் வந்த ‘டான் 2’ எல்லாம் நம் நாட்டில் நமக்காகவே செய்யப்பட்ட பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்கள். கணினிப் பதிப்பாகவோ மறுபதிப்பாகவோ கடையில் கிடைக்காத ஆட்டங்கள் இவை. பெட்டி பழுதான வீடுகளில் இவற்றுக்கு இனி எமுலேட்டர்தான் வழி. அதனாலேயே இந்தக் கரகரப்பைத் தீர்க்கும் கலையை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

பால் வட்டு ஒன்று எமுலேட்டரில் 50 என்று காட்டி, பக்கத்தில் 100 சதவீதம் என்றும் காட்டினால் அது முழு வேகம். 60 வரவில்லையே என்று அதை 60-க்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. தள்ளினால் ஆட்டம் 120 சதவீத வேகத்தில் பறக்கும். பாட்டும் பேச்சும் அவசரப்படும், இல்லையென்றால் குவியல் நிரம்பி வழிந்து சாம்பிள்கள் கொட்டிப்போகும். குறைந்தாலும் கரகரப்பு, வழிந்தாலும் கரகரப்பு. காதுக்கு வித்தியாசம் தெரியாது. எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

இனி மாஸ்டர் ஏன் பின்தங்குகிறார் என்று பார்க்கலாம். 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2 ஒரு பெரிய கடை. அதன் தலைமை மாஸ்டர், எமோஷன் எஞ்சின் என்ற செயலி, 294.912 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. கணக்குப் போட இரண்டு வெக்டர் யூனிட்கள் கூடவே இருந்தன. படம் வரைய ஒரு தனிச் சிப். ஒலியையும் வட்டையும் பார்த்துக்கொள்ள 36.864 மெகாஹெர்ட்ஸில் ஒரு துணைச் செயலி. அது முதல் பிளேஸ்டேஷனின் தலைமைச் செயலியேதான். அதற்குக் கீழே ஒரே நேரத்தில் 48 குரல்கள் எழுப்பும் ஒலிச் சிப். துணைச் செயலி சரியாக 768 முறை துடித்தால் ஒரு சாம்பிள் வெளியே வரும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. அந்தக் கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில், அவரவர் கல்லில் வேலை செய்தார்கள்.

எமுலேட்டரில் இத்தனை பேர் வேலையையும் ஏறக்குறைய ஒரே மாஸ்டர் பார்க்கிறார். தலைமை மாஸ்டரின் வேலையில் கொஞ்சம், உடனே துணை மாஸ்டரின் வேலையில் கொஞ்சம், ஒலிக்குக் கொஞ்சம் என்று நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறி மாறிச் செய்கிறார். அதோடு, செய்முறைக் குறிப்பு அவருக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது. பழைய செயலியின் கட்டளைகளை உங்கள் செயலியின் கட்டளைகளாகப் பெயர்த்து எழுதித்தான் வேலையைத் தொடங்க முடியும். ஒருமுறை பெயர்த்ததை எழுதிவைத்துக்கொள்வதால் அடுத்த முறை வேகம் வந்துவிடும். ஆட்டத்தில் புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் ‘டப் டப்’ என்று இரண்டு முறை தட்டிவிட்டுச் சரியாகிறதா? மாஸ்டர் புதுக் குறிப்பைப் படிக்கிறார். படம் வரையும் பகுதியில் ஷேடர்கள் என்னும் சிறு நிரல்கள் முதன்முறை தொகுக்கப்படும்போதும் இதே தடுமாற்றம் உண்டு. இந்த வகைக்குத்தான் பஃபரைக் கொஞ்சம் கூட்டுவது நல்ல மருந்து.

“எட்டு கோர் போன் வச்சிருக்கேன், எப்படி ஸ்லோ ஆகும்?” என்ற கேள்விக்கும் விடை இதுதான். பிசிஎஸ்எக்ஸ்2-ல் படம் வரைவதைத் தனி இழைக்கு (thread), அதாவது தனி மாஸ்டருக்கு, ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டாவது வெக்டர் யூனிட்டையும் தனி இழைக்கு மாற்ற ஒரு வசதி உண்டு. பெரும்பாலான ஆட்டங்களில் அதை இயக்கிவைப்பது நல்லது. ஆனால் தலைமைச் செயலி, துணைச் செயலி, ஒலி மூன்றும் ஒருவர் கையிலேயே நிற்கின்றன. ஒருவர் முடித்துத் தந்ததை வைத்துத்தான் அடுத்தவர் தொடங்க முடியும் என்பதால் அந்த வேலையை எட்டுப் பேருக்குப் பங்குபோட முடியாது. எத்தனை கல் இருக்கிறது என்பது இரண்டாம் கேள்வி, ஒரு கல் எவ்வளவு வேகமாக வேகவைக்கிறது என்பதே முதல் கேள்வி.

பிசிஎஸ்எக்ஸ்2 ஒவ்வொரு இழையின் சுமையையும் தனித்தனியே சதவீதமாகக் காட்டும். கரகரக்கும்போது தலைமைச் செயலியின் எண் 100-ஐத் தொட்டு நின்றால் தடை செயலியில். கிராபிக்ஸ் கார்டின் எண் 100-ஐத் தொட்டால் படத்தின் நுணுக்கத்தைக் குறையுங்கள். மூல அளவைப் போல மும்மடங்கு என்று வைத்தால் நீளத்திலும் அகலத்திலும் மும்மடங்கு, ஆக ஒன்பது மடங்கு புள்ளிகள். நான்கு மடங்கு என்றால் பதினாறு. லேப்டாப்போடு வரும் சாதாரண கிராபிக்ஸ் சிப் இதில்தான் மூச்சுத்திணறும். படத்தின் நுணுக்கத்தைக் குறைத்ததும் சத்தம் சரியாவதைப் பார்த்து வியந்தவர்கள் அநேகர். மேலே சொன்ன கணக்குத் தெரிந்தால் அதில் வியப்பு இல்லை.

அவசரத்துக்கு ‘சைக்கிள் ஸ்கிப்’ போன்ற குறுக்கு வழிகளைத் தொடுகிறவர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். அது செய்யவேண்டிய வேலையில் கொஞ்சத்தைச் செய்யாமலே விட்டுவிடுகிறது. எண் 100 என்று காட்டும். உள்ளே ஆட்டம் திணறிக்கொண்டிருக்கும். நோய் கண்டறிய இருந்த ஒரே அளவுகோலையும் இழந்துவிடுவீர்கள். வேறு வழியே இல்லாதபோது கடைசியாக அதைத் தொடுங்கள்.

எண் 100-ல் அசையாமல் நிற்கிறது, ஆனாலும் ஆட்டம் இழுக்கிறது என்றால்? அப்போது இசையைக் கவனியுங்கள். இசை தாளம் தவறாமல் போகிறது, படம் மட்டும் கனக்கிறது என்றால் அது மூலப் பெட்டியிலேயே இருந்த திணறல். ‘ஷேடோ ஆஃப் த கொலாசஸ்’ போன்ற ஆட்டங்கள் உண்மையான பிளேஸ்டேஷன் 2-லேயே நொடிக்கு 30 படத்தைத் தக்கவைக்க முடியாமல் தடுமாறின. ஒலிக்குத் தனி மாஸ்டர் இருந்ததால் அங்கே பாட்டு நிற்கவில்லை. எமுலேட்டர் அந்தத் திணறலையும் உள்ளபடியே திருப்பிச் செய்கிறது. அதில் பழுதுபார்க்க ஒன்றுமில்லை. படத்தோடு இசையும் சேர்ந்து இழுத்தால்தான் பின்தங்கியது உங்கள் கல். இந்த ஒரு சோதனைக்குச் செட்டிங் எதையும் திறக்கவேண்டாம், காது இருந்தால் போதும்.

தூத்துக்குடி வெயிலில் தனியாகப் பேசவேண்டிய ஒன்று சூடு. மே மாத மதியத்தில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், ரப்பர் உறை போட்ட போனில் பிஎஸ்பி ஆட்டம் முதல் பத்து நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடும். அதன் பிறகு கரகரக்கத் தொடங்கும். ஆட்டமும் செட்டிங்கும் மாறவில்லை. செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சூடேறியதும் நொடிக்கான துடிப்பைக் குறைத்துக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ‘முதலில் நன்றாக இருந்தது, போகப்போகக் கெட்டது’ என்று யார் சொன்னாலும் நான் ஆடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. உறையைக் கழற்றுங்கள், சார்ஜரை உருவுங்கள், படத்தை மூல அளவான 480-க்கு 272-க்கு இறக்குங்கள். லேப்டாப் என்றால் விசிறித் துளைகளில் அடைந்த தூசியைத் துடைக்கச் சொல்வேன். பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தைச் சேமிக்கும் நிலைக்குப் போயிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். மின்சாரம் போன நேரத்தில் மட்டும் கரகரக்கும் லேப்டாப்புக்குக் காரணம் அநேகமாக அதுதான்.

இன்னொரு வகை இதைவிட நுட்பமானது. வேகம் சரி, சூடு இல்லை, ஆனாலும் நிமிடத்துக்கு ஒருமுறை ‘டப்’. இங்கே கடையில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. அமெரிக்க வட்டு நொடிக்கு 59.94 படம் கேட்கிறது, உங்கள் திரை 60 காட்டுகிறது. திரையோடு ஒத்துப்போக எமுலேட்டர் ஆட்டத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக்குகிறது. அப்போது நொடிக்கு 48 சாம்பிள் கூடுதலாக வருகிறது. சாப்பிடுகிறவர் வேகமோ மாறவில்லை. 64 மில்லி நொடிப் பஃபரில் 3,072 சாம்பிள் பிடிக்கும். காலியாகத் தொடங்கினால் 64-ஆவது நொடியில் வழிந்துவிடும். இதை அழகாகத் தீர்த்தவர் ரெட்ரோஆர்ச்சின் முதன்மை நிரலாளர்களில் ஒருவரான ஹான்ஸ்-கிறிஸ்டியன் ஆர்ன்ட்சன். 2012-ல் அவர் எழுதிவைத்த முறையில் சப்ளையர் குவியலின் உயரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். குவியல் தாழ்ந்தால் பரோட்டாவைத் துளி சிறிதாகப் பிய்க்கிறார், உயர்ந்தால் துளி பெரிதாக. ரெட்ரோஆர்ச்சில் வழக்கமாக இருக்கும் எல்லை அரை சதவீதம். சுருதியில் அது ஓர் அரைச்சுரத்தின் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. இலை காலியாவதும் இல்லை, தட்டு வழிவதும் இல்லை.

பிசிஎஸ்எக்ஸ்2-ல் இருக்கும் ‘டைம் ஸ்ட்ரெட்ச்’ வேறு வேலைக்கு. மாஸ்டர் நிஜமாகவே பின்தங்கும்போது, சுருதியை மாற்றாமல் ஒலியை நேரத்தில் இழுத்து நிரப்புகிறது. 90 சதவீதம் வரை காது அதைப் பொறுத்துக்கொள்ளும். 70-க்குக் கீழே போனால் பேச்சு தண்ணீருக்கடியிலிருந்து வருவதாக இருக்கும். அது கரகரப்பை மறைக்கும், தாமதத்தைத் தீர்க்காது. நோய் என்னவென்று தேடுகிறபோது அதை அணைத்துவைத்துத் தேடுவதே நல்லது.

குவியலைப் பெரிதாக்குவதற்கு விலையும் உண்டு. தட்டில் 20 பரோட்டா இருந்தால் இலைக்கு வருவது ஆறிப்போனது. 200 மில்லி நொடிப் பஃபரில் நீங்கள் பந்தை அடித்து ஐந்தில் ஒரு நொடி கழித்து மட்டைச் சத்தம் வரும். புளூடூத் இயர்போன் போட்டால் அதற்கு மேலும் ஒரு நூறு இருநூறு மில்லி நொடி சேரும். அது பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவது. கடையில் எதைச் சரிசெய்தாலும் வழியில் போகும் நேரம் குறையாது. கம்பி இயர்போனைச் செருகிப் பார்த்தால் ஒரு நொடியில் உண்மை தெரியும். புளூடூத்தில் ஒலி பழைய டெலிபோன் மாதிரி மங்கிப் போனால் வேறெங்கோ மைக் இயங்கிக்கொண்டிருக்கிறது. பேச்சுக்கான முறைக்கு இயர்போன் மாறிவிட்டது. மைக்கை எடுத்துக்கொண்ட ஆப்பை மூடினால் போதும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, வேகம் 100, சூடு இல்லை, கம்பி இயர்போன், பஃபர் அளவாக இருக்கிறது. ஆனாலும் ஒரே பாட்டில், ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் ‘கர்ர்’ என்கிறது. இதைக் கேட்டால் நான் வட்டைக் கேட்பேன். பிளேஸ்டேஷன் 2 ஒலியைச் சுருக்கிவைக்கிறது: 28 சாம்பிளை 16 பைட்டுகளுக்குள் அடக்குகிறது, ஒவ்வொரு தொகுதியும் முந்தையதைச் சார்ந்து விரிகிறது. வட்டின் கீறலில் சில பைட்டுகள் தவறாகப் படிக்கப்பட்டால் மாவிலேயே மண் விழுந்துவிட்டது. எந்த மாஸ்டரும் அதைச் சரிசெய்ய முடியாது. கணினியின் சாதாரண டிவிடி டிரைவே இந்த வட்டுகளைப் படிக்கும். உங்கள் வட்டிலிருந்து நீங்களே நகலெடுங்கள், பெட்டியைத் தொடங்கிவைக்கும் நிரலான பயாஸையும் உங்கள் பெட்டியிலிருந்தே எடுங்கள். எடுத்த நகலின் ஹாஷ் எண்ணை (கோப்பின் கைரேகை போன்ற எண்), வட்டுகளின் விவரங்களைச் சேர்த்துவைக்கும் ரீடம்ப் தொகுப்பில் அந்த வட்டுக்குப் பதிந்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் மெல்லிய துணியால் வட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் மறுபடி படிக்க வையுங்கள். ஒரு டிரைவில் வராதது இன்னொரு டிரைவில் வருவதுண்டு.